வராந்தாவில் ஒரு ஜெபம்

சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், மலர்வளையம் வருவதற்கு முன்னால் ஆறுதலார் வந்துவிடுவார். தொழில் என்னவோ டிரைவிங் ஸ்கூல். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது அவர் மனைவிக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டும் நினைவிருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் ஆறுதலார்.

துக்க வீட்டு வாசற்படியைத் தாண்டும்போதே அவர் தலை இடப்பக்கம் சாயும். குரல் ஒரு படி இறங்கும். இறந்தவரை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லையென்றாலும் கண்ணில் நீர் தயாராக நிற்கும். அழுகிறவர் தோளில் ஒரு கை வந்து விழும். விழுந்த கை அவர் அழுது முடிக்கும்வரை, சில சமயம் அழுது முடித்து முகம் கழுவப் போக நினைக்கும்போதும், நகராது. அப்புறம் ஒரு வசனம். அப்புறம் ஜெபம்.

ஜெபம்தான் அவருடைய கோட்டை. வானத்தையும் பூமியையும் படைத்ததற்கு நன்றி சொல்லிக் கிளம்புவார். ஆட்சியாளர்கள், மருத்துவர்கள், கடலில் பயணம் செய்கிறவர்கள், சிறையில் இருக்கிறவர்கள் என்று எல்லாரையும் ஒரு சுற்று நலம் விசாரித்துவிட்டு, செத்தவர் வீட்டு வாசலுக்கு அவர் வந்து சேர்வதற்குள் நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களுக்குக் கால் மரத்துவிடும். ஆனாலும் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஜெபத்தின் சௌகரியமே அதுதான். மேடைப் பேச்சு என்றால் இருமிக் காட்டலாம், நாற்காலியை இழுக்கலாம், எழுந்தே போய்விடலாம். ஜெபத்தில் எல்லாருக்கும் கண் மூடி, தலை குனிந்திருக்கும். கேட்கிறவர் கடவுளாகப் போய்விட்டதால் சுருக்கச் சொல்லவும் ஆளில்லை.

ஒருத்தியைத் தவிர. அவள் மெக்கானிக்கின் மனைவி.

மெக்கானிக் ஆறுதலாருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர். பேசினால் காசு செலவாகும் என்பதுபோல இருப்பார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசிவிடுவாள். பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று தாழ்ந்த குரலில் பாடுகிறவள். ஆறுதலாரின் ஜெபம் கடலைத் தாண்டிக் கைதிகள் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, அந்தத் தாழ்ந்த குரலில், நல்ல அழுத்தத்தோடு, "ஆமென்!" என்பாள். ஆமென் என்று ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும், மொத்த சபையும் விட்டது தொல்லை என்று கூடவே சொல்லிவிடும். எல்லாரும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். ஆறுதலாருக்கு வாயில் பாதி வாக்கியம் தொங்கும்.

ஒருமுறை மெக்கானிக் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான்.

"ஏம்மா, ஆண்டவர்கிட்ட பேசும்போது நடுவுல வெட்டலாமா?" என்று கேட்டார் ஆறுதலார்.

"அண்ணே, ஆண்டவருக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும். சாப்பாடு ஆறிப்போறது உங்களுக்குத்தான் தெரியல."

மெக்கானிக் தட்டைப் பார்த்துச் சிரித்தார். ஆறுதலாரும் சிரித்தார். ஆனால் உள்ளே ஒரு முள் தைத்தது. ஒரு நாளாவது இவள் குறுக்கே வராமல், ஆரம்பித்த இடத்திலிருந்து முடிக்கிற இடம் வரைக்கும், ஒரு முழு ஜெபம் செய்து பார்த்துவிட வேண்டும் என்று மனிதர் உள்ளூர ஆசைப்பட்டார். அந்த ஆசை நிறைவேறியதுதான் இந்தக் கதை.

அவளுக்கு இருதயத்தில் கோளாறு என்று திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மெக்கானிக் கூடவே இருந்தார். ஒரு மத்தியானம், தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்தவரை ஆறுதலார் மடக்கிப் பிடித்தார்.

"வா, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டுப் போ."

"உள்ள அவ தனியா இருக்காடா."

"தனியா இல்லடா. ஆண்டவர் இருக்கார். ஒரு நிமிஷம்."

வராந்தாவில் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு எடை பார்க்கும் இயந்திரம். கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. அதில் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடி. இரண்டு பேரும் எதிரெதிராக நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுதலார் தொடங்கினார்.

அன்றைக்கு ஜெபம் அவருக்கு அப்படி வந்தது. சில நாள் வண்டி தானாகவே ஓடுமே, அப்படி. வார்த்தை வார்த்தையாக இல்லை, அலை அலையாக வந்தது. நாற்காலிகளில் இருந்த மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார். மெக்கானிக்கே, வாயைத் திறக்காத மெக்கானிக்கே, "ஆமா ஆண்டவரே" என்றார். ஆறுதலாருக்கு உச்சி குளிர்ந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவர்கள் தூங்குவதுபோல உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவரின் காலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதே கண்ணை ஜெபத்திலும் ஒரு நூல் திறந்து வைத்திருப்பார். எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான். அன்றைக்கும் திறந்தார்.

கதவைப் பாதி திறந்துகொண்டு நர்ஸ் நின்றிருந்தாள். மெக்கானிக்கைப் பார்த்துக் கையை அசைத்தாள். வா, சீக்கிரம் வா. மறுபடியும் அசைத்தாள்.

ஆறுதலார் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அவர் ஜெபம் மலையுச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாக்கியம் ஏறினால் உச்சி. அங்கிருந்து மெதுவாக இறங்கி ஆமென் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். இரண்டே வாக்கியம்தானே, என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இரண்டு வாக்கியம் நான்கானது. ஒரு நல்ல உவமை வந்தது. அதை விட மனமில்லை. "ஆமா ஆண்டவரே" என்று மெக்கானிக் இன்னும் உரக்கச் சொன்னார். அந்த உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் போனது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நர்ஸ் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளும் கைகட்டித் தலைகுனிந்துதான் நின்றிருந்தாள்.

"கூப்பிட்டேன் சார். ரெண்டு பேரும் கண்ணை மூடியிருந்தீங்க. ஜெபத்தைக் கலைக்க வேண்டாம்னு..." என்றாள் மெக்கானிக்கிடம். "இப்பதான் போனாங்க. உங்களைத்தான் கேட்டாங்க."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆறுதலாரின் கை யார் தோளிலும் போய் விழவில்லை.

அடக்கம் நடந்தது. கல்லறையில் போதகர் பேசினார். போதகர் தண்ணீர் கேட்டாலும் அச்சடித்த தமிழில்தான் கேட்பார். "நம் சகோதரி, தன் சகோதரனின் ஜெபத்தையே படிக்கட்டாகக் கொண்டு பரலோகம் ஏகினாள்!" என்று முழங்கினார். கூட்டம் ஆறுதலாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மண்ணைப் பார்த்தார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்து, "நீ ஜெபம் பண்ணிட்டிருந்ததாலதான்..." என்று ஏதோ சொல்ல வந்து, முடிக்காமல் விட்டுவிட்டார். நன்றிதான் சொல்ல வருகிறான் என்று ஆறுதலார் நினைத்தார். அந்த நன்றிக்குப் பதில் அவன் இவர் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்கப்புறம் அவர் வண்டி சரியாக ஓடவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்து நிறுத்தலாம். இத்தனை வருஷமாக அதை அவர் அளந்துதான் மிதித்திருக்கிறார். இப்போது காலி ரோட்டில், எதிரே ஒரு காக்கைகூட இல்லாத இடத்தில், மிதித்து மிதித்து நிறுத்தினார்.

"சார், நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே?" என்றாள் கற்றுக்கொள்ள வந்த பெண், ஸ்டியரிங்கில் மூக்கு இடிக்காத குறையாக.

"நீ பண்ணலம்மா. ஓட்டு."

வீட்டில் சாப்பாட்டுக்கு முன், "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்" என்று முடித்துவிட்டுத் தட்டை இழுத்தார். அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே."

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தாங்க சூடாச் சாப்பிடறேன். அதான் பயமா இருக்கு."

சொல்லிவிடலாமா என்று நினைத்தார். யாரிடம்? மனைவியிடம் சொன்னால் அவள் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும். மெக்கானிக்கிடம் சொன்னால் அவன் போய்விடுவான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனைத் தவிர தன்னை "டா" போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் இன்னொரு ஆள் கிடையாது. கடவுளிடம் சொல்லலாம்தான். ஆனால் அதற்கும் கண்ணை மூட வேண்டும். கண்ணை மூடினால் நர்ஸின் கை அசைந்தது.

அந்த வார மத்தியில் போதகர் கூப்பிட்டனுப்பினார்.

"சகோதரரே, வருகிற ஞாயிறு நினைவு ஆராதனை. அந்த வராந்தா ஜெபத்தைத் தாங்கள் சாட்சியாகப் பகிர வேண்டும். புதிய ஒலிபெருக்கியும் வந்திருக்கிறது."

"தொண்டை சரியில்லைங்க ஐயா."

"அதற்காகவும் ஜெபிப்போம்."

"மெக்கானிக்குக்குக் கஷ்டமா இருக்கும் ஐயா."

"அவர் அடக்கத்திற்குப் பின் ஆலயத்தின் பக்கமே வரவில்லை. ஆகவே தாங்களே சென்று, ஆறுதல் கூறி, அழைத்தும் வாருங்கள். இந்த ஊழியத்துக்குத் தங்களை விட்டால் யார்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைப் போன மாதம் கேட்டிருந்தால் ஆறுதலார் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனார். மெக்கானிக்கின் வீட்டு முன்னறைதான் பட்டறை. கதவு திறந்திருந்தது. தரையில் விரித்த பழைய போர்வையில் ஒரு வாஷிங் மெஷின் பாகம் பாகமாகக் கிடந்தது. மோட்டார் ஒரு பக்கம், பெல்ட் ஒரு பக்கம், திருகுகள் ஒரு டப்பா மூடியில். நடுவே மெக்கானிக் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். முழங்கை வரை கிரீஸ்.

"யாரு வீட்டு மெஷின்டா?" என்றார் ஆறுதலார்.

"எங்க வீட்டுதுதான்."

"என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு."

ஆறுதலாரின் தலை பழக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. கை தோளைத் தேடிப் புறப்பட்டது. பாதி தூரம் போய், எங்கே போகிறோம் என்று மறந்துவிட்டதுபோல நின்றது. கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"போதகர் அனுப்பினார். நாளைக்கு ஆராதனைக்கு வரணுமாம்."

"நான் வரல."

"நானும் பேசலன்னுதான் சொன்னேன். அவர்..."

"நீ பேசு. நீ பேசலாம். உனக்கென்ன?" மெக்கானிக் ஒரு திருகை எடுத்துத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த திருகு. "நான்தான் அங்க வந்து நிக்க முடியாது. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. கல்லறையிலயே சொல்ல வந்தேன். வாய் வரல."

இவனுக்குத் தெரிந்துவிட்டது, என்று ஆறுதலார் நினைத்தார். நர்ஸ் சொல்லியிருப்பாள்.

"அன்னைக்கு நர்ஸ் கூப்பிட்டாங்க இல்ல? நான் பார்த்தேன்டா."

"என்ன?"

"பார்த்தேன். நீ பாட்டுக்குக் கண்ணை மூடிட்டு ஜெபத்துல இருந்தே. நான் கண்ணைத் திறந்தேன். உள்ள என்ன ஆச்சோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. கதவுகிட்ட அந்தப் பொண்ணு நின்னு கையைக் காட்டுச்சு. அது மூஞ்சியைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு." மெக்கானிக் திருகைக் கீழே வைத்தார். "மறுபடி கண்ணை மூடிக்கிட்டேன்."

தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றார்கள். எடுக்கவில்லை.

"பயம்டா. உள்ள போனா முடிஞ்சிடும்னு பயம். நீ ஜெபம் பண்ற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கிறுக்குத்தனமா ஒரு நெனப்பு. நீ எங்க நிறுத்திடுவியோன்னு நான்தான் 'ஆமா ஆண்டவரே, ஆமா ஆண்டவரே'ன்னு குரல் குடுத்துட்டே இருந்தேன். நிறுத்தாதேடான்னு உள்ள கெஞ்சிட்டிருந்தேன். அவ என்னைக் கேட்டிருக்கா. நான் எட்டு வச்சா போற தூரத்துல கண்ணை மூடிட்டு நின்னிருக்கேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதலாருக்கு வழி தெரியும்.

அந்த "ஆமா ஆண்டவரே"யைத்தான் தன் ஜெபத்துக்குக் கிடைத்த கைதட்டல் என்று ஆறுதலார் எண்ணியிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் அவருக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. இனி ஒரு வசனம் சொன்னால் போதும். மன்னிப்பைப் பற்றி அவரிடம் வசனங்களுக்கா பஞ்சம்? துக்க வீட்டுக்கு ஒன்று, குற்ற மனசுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே வைத்திருந்தார். ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு, கையைத் தோளில் வைத்துவிட்டு, எழுந்து போய்விடலாம். மெக்கானிக்குக்கும் ஆறுதல். தன் பெயருக்கும் சேதமில்லை. நாளைக்குப் புது ஒலிபெருக்கி.

குரல் தானாகவே ஒரு படி இறங்கியது.

"கர்த்தர் இரக்கமுள்ளவர்டா. உன்னை அவர்..."

"நீ சொன்னா நம்புவேன்டா," என்றார் மெக்கானிக், முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து. "வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ அன்னைக்கு ஒரு கள்ளமும் இல்லாம நின்னே. அவளுக்காக உருகி உருகி நின்னே. நான்தான் உன் ஜெபத்தைத் திருட்டுத்தனமா மறைவுக்கு உபயோகப்படுத்திக்கிட்டேன். சொல்லு. என்னை மன்னிப்பாரா?"

வசனம் ஆறுதலாரின் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. விழுங்கினார்.

"நானும் பார்த்தேன்," என்றார்.

"எதை?"

"நர்ஸை. கையைக் காட்டினதை. ரெண்டு தடவையும்."

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. "நீ கண்ணை மூடியிருந்தியே."

"நான் எப்பவும் கொஞ்சம் திறந்துதான் வச்சிருப்பேன். எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பார்க்க."

"பார்த்துட்டு? ஏன்டா நிறுத்தல? நீயும் பயந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு வாசல்தான், மரியாதையான வாசல். ஆறுதலார் அந்த வாசலை ஒரு கணம் பார்த்தார்.

"இல்லடா. ஜெபம் நல்லா வந்துட்டிருந்துச்சு."

மெக்கானிக்கிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. கையில் இருந்த எண்ணெய்த் துணியை எடுத்து ஆறுதலாரின் முகத்தில் விட்டெறிந்தார்.

"நல்லா வந்துச்சா? என்ன நல்லா வந்துச்சு? என் பொண்டாட்டி அங்க செத்துட்டிருக்கா, உனக்கு நல்லா வந்துச்சா? தண்ணி குடிக்க வந்தவனைப் பிடிச்சு நிறுத்தினவன் நீ! அவ தனியா இருக்கான்னு சொன்னேனேடா! ஒரு நிமிஷம்னு சொன்னியேடா!"

"சொன்னேன்."

"போயிடு. என் மூஞ்சியில முழிக்காதே. போ!"

ஆறுதலார் எழுந்தார். வாசல்வரை போனார். துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. கைகூப்பி, பெருமூச்சு விட்டு, 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று ஆண்டவர் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்றைக்கு அது ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து அதே வாளியின் மேல் உட்கார்ந்தார். கன்னத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது.

மெக்கானிக் கத்தினார். தீர்ந்ததும் அழுதார். உடம்பு குலுங்க, மூக்கு ஒழுக, அடக்கத்தன்றுகூட அழாத அழுகை. ஆறுதலார் வசனம் சொல்லவில்லை. கை வைக்கவில்லை. "அழாதே" என்றும் சொல்லவில்லை, "அழு" என்றும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வெளிச்சம் குறைந்தபோது மெக்கானிக் சட்டை நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மோட்டாரைத் தூக்கப் பார்த்தார். ஒற்றை ஆளாக முடியவில்லை.

"பார்த்துட்டு உக்கார்ந்திருக்கியே. பிடி."

பிடித்தார். மோட்டார் உட்கார்ந்தது. பெல்ட்டை மாட்டினார்கள். ஒவ்வொரு திருகாக ஆறுதலார் எடுத்துக் கொடுத்தார். தப்பான திருகைக் கொடுத்தபோது ஒரு வசவு கிடைத்தது, அதை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு என்ன பேசப் போற?" என்றார் மெக்கானிக், மெஷினுக்குள் தலையை விட்டபடி.

"பேச மாட்டேன்."

"பேசு. நீ பண்ணதைச் சொல்லு. எல்லார் முன்னாடியும்." சற்று நேரம் ஸ்பேனர் சத்தம். "நான் பண்ணதைச் சொல்லாதே. அதை நானே சொல்லிக்கிறேன், முடிஞ்சப்போ."

"சரி."

"சுருக்கமாச் சொல்லு."

மெஷினை நிமிர்த்திச் சுவரோடு தள்ளினார்கள். மெக்கானிக் ஸ்விட்சைப் போட்டார். ஓடியது. காலியாக, துணி எதுவும் இல்லாமல், சத்தமே இல்லாமல் சுற்றியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஜெபம் பண்ணு," என்றார் மெக்கானிக்.

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

இரண்டு பேரும் எதிரெதிராக நின்றார்கள். ஆறுதலார் கண்ணை மூடவில்லை. எதிரே பார்த்தார், மெக்கானிக்கும் மூடவில்லை.

"ஆண்டவரே," என்றார். வானமும் பூமியும் வரவில்லை. கைதிகளும் கடலும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ கூப்பிட்டா. நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம். நாங்க போகல."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த வாக்கியத்துக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, தான் காத்திருந்தது அடுத்த வாக்கியத்துக்காக இல்லை, பின்வரிசையிலிருந்து ஒரு தாழ்ந்த குரல் வந்து வெட்டுவதற்காக என்று. மெக்கானிக்கும் அதற்குத்தான் காத்திருந்தார் போலிருந்தது. அவர் பார்வை சமையலறைக் கதவுப் பக்கம் போயிருந்தது.

மெஷின் ஒரு சுற்றை முடித்து நின்றது.

"ஆமென்," என்றார் மெக்கானிக்.